திரும்பி வந்தவர்களுக்கு எண்பது பக்கம்

அறுந்துபோகாத செருப்பு வாரை ராஜா முகமது பலாமரத்தடியில் குனிந்து இரண்டாவது முறையாகச் சரிசெய்துகொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் அவருடைய கடை. கடைக்குள் சென்னையிலிருந்து வந்திருந்த பதிப்பகத்துப் பெண். அவள் எந்த நொடியிலும் கூப்பிடுவாள். கூப்பிட்டாக வேண்டும், அதுதான் முறை. கொல்லிமலைச் சோளக்காட்டுச் சந்தைக்கு மிளகு கொண்டுவரும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். விலை படியாவிட்டால் விற்கிறவர் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடையைக் கட்டவேண்டும். வாங்குகிறவர் அதைக் கவனிக்காத மாதிரி காதைக் குடைந்துகொண்டிருக்க வேண்டும். அரியூர் நாட்டுப் பாதையில் இந்தப் பலாமரத்தை நெருங்கும்போது மூட்டைக்காரரின் நடை தானாகத் தளரும். அப்போது வாங்குகிறவர், ஏதோ வேறு விஷயம் ஞாபகத்துக்கு வந்ததுபோல, நில்லுங்க என்று ஒரு குரல் கொடுப்பார். கூப்பிட மறந்துபோகிற ஞாபகமறதிக்காரர்களுக்காகத்தான் ஆண்டவன் செருப்பு வாரைப் படைத்திருக்கிறான். குனிந்து நிமிர்வதற்குள் கூப்பிட்டுவிட வேண்டும். மரத்தைத் தாண்டி நிஜமாகவே போய்விட்ட மூட்டை என்று ஒன்றை, மலைக்குக் குடிவந்த இத்தனை வருஷத்தில் அவர் பார்த்ததில்லை.

மூன்றாவது முறை குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அறுபது தாண்டிய இடுப்பு. எனவே பாதத்திலிருந்து இல்லாத முள் ஒன்றைப் பிடுங்கி, வெயிலில் தூக்கிப் பிடித்து ஆராய்ந்து, எறிந்தார். பின்னால் சத்தமே இல்லை. கெட்டிக்காரிதான் என்று நினைத்துக்கொண்டார். கௌரவத்துக்காக மரத்தைத் தாண்டிப் போய், பாதை திரும்புகிற இடத்தில் கடை கண்ணுக்கு மறைந்த பிறகு, பாலத்துக் கட்டைச் சுவரில் உட்கார்ந்தார். சும்மா உட்கார்ந்திருப்பதும் வியாபாரத்தில் ஒரு பகுதிதான்.

கடை அவருடையது என்று ஊர் சொன்னாலும், அதில் மிளகும் மலைவாழையும் அன்னாசியும் விற்பவள் அவர் மனைவி தாஹிரா பீவி. ராஜா முகமதுவின் சரக்கு பனி. முப்பது வருஷமாக வட துருவத்துக்கும் தென் துருவத்துக்கும் போனவர்களின் வரலாற்றைத் தமிழில் எழுதிவருகிறார். பனியை நேரில் பார்த்ததில்லை. மார்கழியில் கடை வாசலை மறைத்து நிற்கும் மூடுபனிதான் அவருக்கு வாய்த்த அண்டார்டிகா. அதையும் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டுதான் எதிர்கொள்வார்.

எல்லாம் அவரைப் பெற்ற அத்தாவால் வந்த வினை. சேந்தமங்கலத்தில் மிளகு மண்டி வைத்திருந்தவர் அத்தா. காலிசெய்த ஏதோ ஓர் எஸ்டேட் பங்களாவின் புத்தகங்களைப் பொட்டலம் மடிக்க எடைக்கு வாங்கிப் போட்டிருந்தார். அதில் பாதி துருவப் பயணங்கள். பள்ளிக்கூடம் போகிற வயதில் ராஜா முகமது அவற்றைப் பிரித்துப் பார்த்தபோது, அவரை இழுத்தது கப்பலும் இல்லை, கரடியும் இல்லை. கிளம்புவதற்கு முன் அந்த மனிதர்கள் என்னென்ன வாங்கினார்கள் என்ற பக்கங்கள். மாவு, சர்க்கரை, கொழுப்பு, மெழுகுவத்தி, மண்ணெண்ணெய். மூன்று வருஷத்து மளிகையை ஒரே தடவையில் வாங்கி, வழியில் இது தீர்ந்துபோச்சு என்று ஓடிப்போய் வாங்கிவர ஒரு கடைகூட இல்லாத இடத்துக்குப் போகிறார்கள். மளிகை வியாபாரியின் மகனுக்கு இதைவிடப் பெரிய சாகசம் உலகத்தில் இருக்க முடியுமா?

அதனால் அவர் எழுதியதும் அப்படியே அமைந்தது. மற்றவர்கள் வீரத்தை எழுதினார்கள், இவர் கொள்முதலை எழுதினார். மண்ணெண்ணெய் டின்னின் தோல் வாஷர் குளிரில் சுருங்கி, எண்ணெய் ஆவியாகி, திரும்பி வந்தவர்களுக்கு அடுப்பு எரிக்க எண்ணெய் பற்றாமல் போன கதையைப் படித்துவிட்டு, ஈரோட்டு எண்ணெய் வியாபாரி ஒருவர் ராத்திரி தூக்கம் வரவில்லை என்று போன் செய்தார். இறைச்சியைக் காயவைத்துப் பொடித்துக் கொழுப்போடு சேர்த்து இறுக்கும் துருவத்துச் சாப்பாட்டை நம்மூர் உப்புக்கண்டத்துக்குச் சித்தப்பா மகன் என்று இவர் எழுதிவைத்தது வாசகர்களிடம் நிலைத்துவிட்டது. வாசகர்கள் என்றால் லட்சக்கணக்கில் இல்லை. ஒரு ரயில்வே கார்டு, இரண்டு கன்னியாஸ்திரிகள், குவைத்தில் ஐஸ் ஃபேக்டரியில் வேலை பார்க்கும் ஒருவர் என்று உதிரி உதிரியாக. ஆனால் சில்லறை வாடிக்கைக்காரர்தான் நிலைக்கும் வாடிக்கைக்காரர். ராஜா முகமதுவுக்கு அதில் குறையேதும் இருந்ததில்லை.

குறையில்லாத மனிதரிடம்தான் அந்தப் பதிப்பகம் ஆசை காட்டியது. சிதறிக்கிடக்கும் எட்டுப் புத்தகங்களையும் சேர்த்து, கெட்டி அட்டையோடு, வரைபடங்களோடு ஒரே பெரிய நூல். அதற்காகத்தான் பூங்குழலி என்ற அந்தப் பெண் காலை பஸ்ஸில் ஏறி வந்திருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். வளைவுகளில் குடல் புரண்டு, முகம் வெளிறி இறங்கியவளுக்குத் தாஹிரா மிளகு ரசம் கொடுத்து நிமிர்த்தினாள். ஒவ்வொரு புத்தகத்தையும் பூங்குழலி எழுத்தெண்ணிப் படித்திருந்தது பேச்சில் தெரிந்தது. நாய்களைப் பற்றிய அத்தியாயத்தில் தான் அழுததைச் சொன்னபோது தாஹிராவே கணவரைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தாள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கடைசி அத்தியாயத்துக்கு வரும்வரை.

அது இந்தத் தொகுப்புக்கென்றே புதிதாக எழுதி, போன வாரம்தான் அனுப்பியிருந்த அத்தியாயம். எண்பது பக்கம். துருவத்தைத் தொட்டவர்களைப் பற்றியும் இல்லை, போகும் வழியில் செத்தவர்களைப் பற்றியும் இல்லை. பாதியில் திரும்பியவர்களைப் பற்றி. புத்தகம் தடியாகிவிட்டது, இதை விட்டுவிடலாம் என்று முதலாளி சொல்லிவிட்டதாகப் பூங்குழலி தயங்கித் தயங்கிச் சொன்னாள். போய்ச் சேர்ந்தவர்களையும் போய்ச் சேராமல் செத்தவர்களையும் ஜனங்கள் படிப்பார்கள், சும்மா திரும்பி வந்தவர்களை யார் படிப்பார்கள் என்பது முதலாளியின் கேள்வி.

ராஜா முகமதுவின் வாழ்க்கையே அந்த எண்பது பக்கத்தில்தான் இருந்தது. இளவயதில் ஒருநாள் மண்டியில் உட்கார்ந்து, தென் துருவத்துக்கு நூறு மைலுக்குள் போய்விட்டு, கையிலிருக்கும் சாப்பாடு திரும்பிப்போகப் பற்றாது என்று கணக்குப் போட்டுத் திரும்பிய தலைவரின் கதையை அத்தாவிடம் சொன்னார். இதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்தான் அத்தா. அன்று தராசை நிறுத்திவிட்டு, "படியாத வெலையில எந்திரிச்சு வர்றவன்தான்டா யாவாரி. உக்காந்தவன் பூராத்தையும் உட்டுட்டு வருவான்" என்றார். மகனின் பனிக் கதைகளை அவர் மதித்துப் பேசியது அந்த ஒரு தடவைதான். அதிலிருந்து திரும்பியவர்களைத் தேடித் தேடிச் சேர்த்தார் ராஜா முகமது. அதில் ஓர் அயர்லாந்து மாலுமி. துருவத்துக்கு இன்னும் இரண்டே வார நடை என்னும்போது, நீ திரும்பிப் போ என்று தலைவர் சொல்லிவிட்டார். அத்தனை பெரிய ஆள் அங்கேயே நின்று அழுதான். ஊருக்கு வந்து ஒரு விடுதி திறந்து, தென் துருவம் என்று பெயர் எழுதித் தொங்கவிட்டு, தான் போய்வந்ததைப் பற்றி அதிகம் வாய்திறக்காமல் சந்தோஷமாக வாழ்ந்தான். அது சாராயமும் விற்கிற விடுதி என்பதைத் தாஹிராவிடம் ராஜா முகமது இன்னும் சொல்லவில்லை.

எண்பதில் ஒரு வரியும் குறையாது என்று அவர் ஆரம்பித்தார். ஆரம்பிக்கும்போது எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள். அவள் முழுதாகவே முடியாது என்றாள். நல்ல தொடக்கம் என்று அவருக்குத் தோன்றியது. நாற்பதில் வந்து நிற்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே, அப்படியானால் புத்தகமே வேண்டாம் என்று சொல்லி எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பலாமரத்தைப் பார்த்து நடந்தார்.

அப்படி வந்தவர்தான் இப்போது கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தார். தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. அதைப் பொருட்படுத்தாமல் இன்னும் கொஞ்ச நேரம் மிளகுக்கொடிகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தற்செயலாக வருகிறவர்போலக் கடைக்குத் திரும்பினார். தாஹிரா தனியாக உட்கார்ந்து வாழைச் சீப்புகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"பொண்ணு எங்க?"

"பஸ் ஏறிருச்சுங்க."

"ஏறிருச்சா?"

"ஏறி, சீட்டப் புடிச்சு உக்காந்து, எனக்குக் கையக் காட்டீட்டுப் போகுதுங்க." தாஹிராவின் குரலில் அப்பட்டமான வியப்பு. "நீங்க மரம் வரைக்குந்தான் போனீங்க. அது பஸ்ஸே ஏறுது. நம்ம சாதிசனத்துல இப்பிடி ஒரு கெட்டிக்காரிய நாம் பாத்ததில்லீங்க."

ராஜா முகமதுவும் அசந்துபோனார். பஸ் டிக்கெட் வரை செலவழித்து நடிப்பவளிடம் நாற்பது பக்கம் தேறாது, முப்பதுக்குத்தான் படியும் என்று தோன்றியது. முதல் வளைவில் இறங்கிக்கொள்வாள் என்றாள் தாஹிரா. இரண்டாவது வளைவு என்றார் இவர். இருவரும் ரோட்டைப் பார்த்தபடி, ஒரு நல்ல எதிராளி கிடைத்த திருப்தியோடு, டீ குடித்தார்கள்.

ராசு வந்தபோதுதான் அந்தத் திருப்தி கலைந்தது. அரியூர் நாட்டுக்காரர், மிளகும் மரவள்ளியும் போடுகிறவர், சொந்தமாகப் பிக்கப் வண்டி வைத்திருப்பவர். பனிக் கதைகளை எல்லோருக்கும் முன்னால் கேட்டு, அங்க மொளகு வெளையுங்களா பாய் என்று முதல் சந்தேகத்தை எழுப்பியவரும் அவர்தான். கிழங்கு மூட்டை ஏற்றிக்கொண்டு கீழே இறங்கப் போகிறவர், ஏதாவது வேண்டுமா என்று கேட்க எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க பாய், உங்க ஊட்டுக்கு வந்த புள்ளைய என்னுங்க சொன்னீங்க? பஸ் ஸ்டாப்புல நின்னு கண்ணத் தொடச்சுக்கிட்டிருந்துச்சுங்க."

"தூசி உழுந்திருக்கும்" என்றார் ராஜா முகமது.

"ரெண்டு கண்ணுலயுங்களா?"

தாஹிரா கையிலிருந்த சீப்பைக் கீழே வைத்தாள். ராஜா முகமது காலி ரோட்டைப் பார்த்தார். அந்தப் பெண் வியாபாரம் பேசவில்லை. அவர் வேண்டாம் என்றார், அவள் அதை நம்பிவிட்டாள். மனிதர் சொன்ன சொல்லை அப்படியே நம்புகிற ஊரும் உலகத்தில் இருக்கிறது என்பது இத்தனை வயதில் அவருக்கு உறைத்தது. அந்த அயர்லாந்து மாலுமி நினைவுக்கு வந்தான். நிஜமாகத் திரும்புகிறவன் அழுதுகொண்டு திரும்புகிறான். கூப்பிடுவார்கள் என்று தெரிந்து திரும்புகிறவன்தான் செருப்பு வாரைச் சரிசெய்கிறான். பனிவெளியில் திரும்பி நடந்தவர்களை யாரும் பின்னாலிருந்து கூப்பிடவில்லை. எண்பது பக்கம் எழுதியவருக்கு இது மட்டும் புரியாமல் போயிருந்தது.

போன் அடித்துப் பார்த்தார். வளைவுகளில் இறங்கும் பஸ்ஸுக்குள் எந்தப் போனும் எடுக்காது. இனி ஒரே வழி பின்னால் போவது. அதுதான் இடித்தது. எழுந்துபோன வாங்குகிறவரின் பின்னால் விற்கிறவர் ஓடினால் விலை பாதாளத்துக்குப் போகும் என்பது அவர் தாய்ப்பாலோடு குடித்த பாடம். சேந்தமங்கலத்து மண்டித் தெருவில் அப்படி ஓடியவர்களுக்குப் பரம்பரைப் பட்டப்பெயர்கள் இருந்தன. ஓடினால் முப்பதும் இல்லை, இருபதும் இல்லை. ஓடாவிட்டால் புத்தகமே இல்லை. அறுபது வயதுக்கு மேல் இன்னொரு பதிப்பகம் மலையேறி வருமா?

தாஹிராதான் முடித்துவைத்தாள். "கெளம்புங்க. அம்பது பக்கத்துக்குக் கீழ மட்டும் எறங்கீராதீங்க."

"அது முடியாதுன்னு சொன்னா?"

"சொன்னா எந்திரிச்சு வந்துராதீங்க. அதுதான் உங்களுக்கு நாஞ் சொல்றது."

ராசுவின் பிக்கப் கிழங்கு மூட்டைகளோடு முன்பக்கம் சரிந்து இறங்கியது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கீழே பஸ்ஸின் கூரை தெரிந்து, மறைந்து, வேறு திசையில் தெரிந்தது. வளைவுக்கு வளைவு காற்றின் குளிர் குறைந்தது. ராஜா முகமது ஸ்வெட்டரைக் கழற்றலாமா என்று யோசித்து, கழற்றினால் பதற்றம் தெரியும் என்று விட்டுவிட்டார். ராசு ஓட்டிக்கொண்டே, அந்த அத்தியாயம் எதைப்பற்றி என்று கேட்டார். சொன்னதும் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிவிட்டு, திரும்பி வந்தவங்க இல்லீன்னா போன கதையச் சொல்றதுக்கு ஆளேதுங்க பாய் என்றார். அந்த வாக்கியத்தை அத்தியாயத்தின் முதல் வரியாக வைக்கவேண்டும் என்று ராஜா முகமது உடனே தீர்மானித்தார். நண்பர்களிடமிருந்து கொள்முதல் செய்வதற்கு அவர் கூச்சப்பட்டதே இல்லை.

காரவள்ளியில் பஸ் டீக்காக நின்றிருந்தது. அடிவாரத்து வெக்கை முகத்தில் அறைந்தது. புளியமரத்து நிழலில் சிமென்ட் பெஞ்சின் ஓரத்தில் பூங்குழலி தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தாள். மடியில் தாள்கட்டு. முகம் காலையில் வந்திறங்கியபோது இருந்ததைவிட மோசம். ராஜா முகமதுவைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் உப்புப் போட்டு எலுமிச்சை சோடா ஒன்று வாங்கிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் வைத்தார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துவந்த முதல் வாக்கியம் அறுபது பக்கத்தில் தொடங்குவது. வாயில் வந்தது வேறு.

"நான் எந்திரிச்சுப் போனன்னா நீ கூப்புடோணும் கண்ணு. அதுதான் மொறை. மரத்துக்கிட்ட அத்தன நேரம் நின்னனே. செருப்ப வேற ரெண்டு தடவ சரி பண்ணுனனே."

அவள் அவரை வெறித்துப் பார்த்தாள். "செருப்பு அறுந்துபோச்சுன்னு நெனச்சேன் சார். இந்த வயசுல, அந்தக் கோபத்துல, செருப்பு வேற அறுந்து நிக்கறாரேன்னு பாவமா இருந்துச்சு. அதுக்கு மேல உங்ககிட்ட எப்படிப் பேசறதுன்னுதான் வந்துட்டேன்."

பிக்கப்பில் சாய்ந்து நின்ற ராசு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. ராஜா முகமதுவுக்கும் சிரிப்பு வந்தது. அவள் பாதி சிரித்து, சோடாவை ஒரு வாய் குடித்தாள். இதுதான் சமயம் என்று அவர் தொண்டையைச் செருமினார். எண்பது கொஞ்சம் அதிகம்தான், ஆகவே இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, என்று ஆரம்பித்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எண்ணிக்கை வேண்டாம் சார். நான் அந்த அத்தியாயத்தப் படிக்கவே இல்ல. எங்க முதலாளியும் படிக்கல. தலைப்பையும் பக்கத்தையும் பாத்துட்டுத்தான் பேசுனோம்." சொல்லிவிட்டுத் தாள்கட்டைத் தொட்டாள். "இனிமே கெடைக்கப் போறதில்லையே, எதை விட்டுட்டுப் போறோம்னு பாக்கலாம்னு பஸ்ல எடுத்தேன். அந்த மாலுமி நின்னு அழற எடம் வரைக்கும் வந்தேன். அதுக்குள்ள வளைவு பொரட்டிருச்சு."

ராஜா முகமது அந்தத் தாள்கட்டைப் பார்த்தார். அவர் எழுதிய ஒரு பக்கத்துக்காக ஒருத்தி கொல்லிமலை வளைவில் வாந்தி எடுத்திருக்கிறாள். எந்தப் பரிசுக்குழுவும் இதைவிடப் பெரிதாக என்ன செய்துவிடும்?

"அப்புறம் அவர் என்ன ஆனார் சார்?"

முப்பது வருஷமாகக் கேட்டவர்க்கும் கேட்காதவர்க்கும் ஓசியில் சொல்லிவந்த மனிதர் வாயைத் திறந்தார். திறந்த வாயை உள்ளிருந்த மண்டிக்காரர் மூடினார்.

"சரக்க நானே அவுத்துக் காட்டுனா நல்லாருக்காது. நீயே படி."

அவள் படிக்க ஆரம்பித்தாள். ஆடாத பெஞ்சில், அசையாத தாளில். முதலில் உதடு வெளிறியே இருந்தது. மூன்று நான்கு பக்கம் போனதும் சோடாவை மறந்தாள். ஓரிடத்தில் நின்று, முந்தைய பக்கத்துக்குப் போய், மறுபடி வந்தாள். எந்த இடம் என்று எட்டிப் பார்க்க அவருக்குக் கழுத்து துடித்தது. ஸ்வெட்டருக்குள் வியர்வை ஓடியது. டீக்கடையிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராகப் பஸ்ஸில் ஏறினார்கள். டிரைவர் கடைசிப் பீடியை மிதித்து அணைத்து உள்ளே ஏறி வண்டியை உறுமவிட்டார். கண்டக்டர் படிக்கட்டில் நின்று, சென்னைப் பாப்பா ஏறலியா என்று கேட்டு, பதில் வராமல் விசில் ஊதினார்.

பூங்குழலி தலையை நிமிர்த்தாமல் இடது கையை மட்டும் அந்தப் பக்கமாகத் தூக்கினாள். போ என்றா, இரு என்றா, கண்டக்டருக்குப் புரியவில்லை. ராஜா முகமதுவுக்கும் புரியவில்லை. கேட்கலாம், ஆனால் கேட்டால் அவள் கண் தாளைவிட்டு விலகும். அடிவாரத்துக் காற்று புளியஞ்சருகுகளை உருட்டிக்கொண்டு வந்து, அவள் இன்னும் படிக்காத பக்கங்களின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தது. அவர் சத்தமில்லாமல் சுண்டுவிரலை நீட்டி அந்த ஓரத்தை அழுத்திக்கொண்டார். பஸ் உறுமிக்கொண்டே இருந்தது. அவள் ஒரு பக்கம் திருப்பினாள்.